உம்ங்கேனி, துகேலா நீள்வெட்டில் தெரியும் படிகள்: நிலம் எழுந்ததாலா, கல் தடுத்ததாலா?

உம்ங்கேனி_கரை:

வணக்கம். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து, தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் ஓடும் உம்ங்கேனி ஆற்றின் நீள்வெட்டை (தலையிலிருந்து கழிமுகம் வரை படுகையின் உயரத்தைக் காட்டும் கோடு) போட்டால், பாடநூலில் இருக்கும் அந்த அழகான குழிவு வரவில்லை. மிட்மார் அணை சுமார் 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹோவிக் அருவியைத் தாண்டி ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைக்கு வந்தால் சுமார் 650. நேகிள் அணை சுமார் 400, இனாண்டா சுமார் 150. நடுவில் நீண்ட தட்டை, பிறகு திடீர் இறக்கம், மறுபடி தட்டை. வடக்கே பக்கத்து ஆறான துகேலாவும் இதே ரகம்தான், உயரம் மட்டும் கூடுதல்.

நிலவடிவ ஆய்வாளர் லெஸ்டர் கிங் காலத்திலிருந்து இந்தப் படிகளுக்குச் சொல்லப்படும் விளக்கம், கண்டம் விட்டு விட்டு மேலெழுந்தது என்பது. 1987-ல் பார்ட்ரிட்ஜும் மௌடும் ஒரு படி மேலே போய், மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுக்கு முன்) 150 முதல் 300 மீட்டர், பிளியோசீன் காலத்தில் (சுமார் 53 முதல் 26 லட்சம் ஆண்டுக்கு முன்) கிழக்குப் பக்கம் 900 மீட்டர் வரை எழுச்சி என்று எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இதை ஏற்கவில்லை.

கேள்வி இரண்டு. ஒரு படியைப் பார்த்து, அது எழுச்சியின் தடமா வெறும் கல்லா என்று எப்படிப் பிரிப்பது? நிலம் உண்மையிலேயே எழுந்திருந்தால், எந்த ஆறு எதோடு சேர்கிறது என்ற வலையமைப்பு எந்த அளவுக்கு மாறும்?

டோலரைட்:

தம்பி, முதலில் அணைகளைத் தள்ளி வைங்க. நீங்க சொன்ன நாலு இடமும் அணை. அணை நீர்மட்டம் தரவில் கண்ணாடி மாதிரி தட்டையாகப் பதிவாகும், சுவருக்குக் கீழே ஒரு பொய்யான குதிப்பு வரும். நீங்க பார்க்கும் தட்டைகளில் பாதி அதுதான்.

உம்ங்கேனிக்கு அணைக்கு முந்தைய ஆயத்தமான விண்வெளி உயரத் தரவு கிடையாது. எஸ்.ஆர்.டி.எம். (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் உயரம் அளந்த பயணம்) பறந்தது 2000 பிப்ரவரியில், அதற்குள் நாலு அணையும் கட்டி முடித்தாயிற்று. அரசாங்கத்தின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டர் சமவுயரக் கோடு ஆற்றைக் குறுக்கே வெட்டும் புள்ளிகளை எடுத்து, அணைக்கு மேலேயும் கீழேயும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்துவிட்டு, "இந்தப் பகுதி நம்பத்தக்கதல்ல" என்று தனி நிறத்தில் குறித்துவிடுங்க. துகேலாவின் கிளையான மூயி ஆற்றுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கு. அங்கே ஸ்பிரிங் குரோவ் அணை 2013 வாக்கில்தான் வந்தது, அதனால் பழைய எஸ்.ஆர்.டி.எம். தரவே அங்கே மேல்.

அடுத்தது தரவைத் தயார் செய்யும் விதம். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது.

பாகையில் இருக்கும் தரவை அப்படியே கணக்கில் போடாதீங்க, மீட்டரில் அளக்கும் யு.டி.எம். 36 தெற்கு வரைபட முறைக்கு மாற்றுங்க. மாற்றும்போது "அருகிலுள்ள புள்ளி" முறை வேண்டாம். வரிவரியாகப் படிக்கட்டு விழும், அதையே நீங்க ஆற்றின் படி என்று எண்ணுவீங்க. பைலீனியர் அல்லது கியூபிக் போதும். அப்புறம் பள்ளங்களை நிரப்பும் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீங்க. ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் ஆறு சில இடங்களில் ரொம்ப ஒடுங்கி ஓடுது. 30 மீட்டர் கட்டம் கரைச்சுவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு தடுப்பு இருப்பதாகக் காட்டும். நிரப்பினால் அதற்குப் பின்னால் பல கிலோமீட்டர் பொய்த் தட்டை வரும். "செதுக்கும்" முறையைப் பயன்படுத்துங்க. டோப்போடூல்பாக்ஸ் மென்பொருளில் அது இருக்கு.

ஓடை தொடங்கும் வரம்பு 1 சதுர கி.மீ. என்று வைங்க. 30 மீட்டர் கட்டத்துக்கு அது 1,111 கட்டம். அதற்குக் கீழே போனால் மண்சரிவு ஆளும் ஓடைகள் உள்ளே வந்துவிடும், அவற்றின் சரிவு வேறு விதிக்குக் கட்டுப்பட்டது.

இப்போ கல்லுக்கு வருவோம். ஹோவிக் அருவி 95 மீட்டர், பக்கத்துக் கார்க்லூஃப் 105 மீட்டர். ரெண்டும் டோலரைட் பலகை மேலே உட்கார்ந்திருக்கு. காரூ என்ற பழைய அடுக்குப் படிவுகளுக்குள்ளே சுமார் 18.3 கோடி ஆண்டுக்கு முன்னால் உருகிய நிலையில் செருகி இறுகின தீப்பாறை அது. மேலேயும் கீழேயும் மென்மையான ஷேல் (களிப்பாறை), நடுவில் இரும்பு மாதிரி ஒரு பலகை. ஆறு பலகையில் மாட்டிக்கொண்டதும் அதுவே மேல்பகுதிக்கு உள்ளூர் அடிமட்டம் (ஆறு அதற்குக் கீழே வெட்ட முடியாத எல்லை) ஆகிவிடும். மேலே ஆறு ஆழமாக வெட்ட முடியாமல் பக்கவாட்டில் அரித்துப் பள்ளத்தாக்கை அகலமாக்கும், வளைந்து வளைந்து ஓடும், சதுப்பு விழும். ஹைவெல்டு என்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் கிளிப் ஆற்றில் இதை அச்சாகப் பார்க்கலாம், ஆய்வும் நடந்திருக்கு. பலகை உடைந்ததும் வளைவுகள் நேராகி, ஆறு உள்ளே இறங்கி, ஓரமெல்லாம் டோங்கா (மண் அரிந்த ஆழமான ஓடை) வெடிக்கும்.

ஆக "தட்டை, படி, தட்டை" என்ற வரிசை வர நிலம் ரெண்டு தடவை எழ வேண்டிய அவசியமே இல்லை. ஒரு டோலரைட் பலகை போதும்.

கவுன்சில் ஃபார் ஜியோசயன்ஸின் 1:250,000 பாறை வரைபடத்தில் 2930 டர்பன் தாளை நீள்வெட்டின் மேலே போட்டுப் பாருங்க. கல் மாறும் எல்லையோடு எத்தனை படி ஒட்டுது என்று எண்ணின பிறகு மிச்சத்தைப் பேசலாம்.

கணக்கப்பிள்ளை:

டோலரைட் அண்ணன் சொன்னது முதல் வடிகட்டி. இரண்டாவது வடிகட்டி நேரக் கணக்கு. எழுச்சியின் செய்தி ஆற்றில் எவ்வளவு வேகத்தில் மேலேறும் என்று போட்டுப் பார்த்தால் பல வாதங்கள் தானாக விழுந்துவிடும்.

அடிப்படைச் சமன்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அரிப்பு வேகம் = கே × (வடிநிலப் பரப்பின் எம் அடுக்கு) × (சரிவின் என் அடுக்கு). கே என்பது கல் எவ்வளவு எளிதில் அரியும் என்ற எண். எம்/என் விகிதம் வழக்கமாக 0.45 அருகே வரும். என் = 1 என்று வைத்தால், முறிவுப்புள்ளி (நீள்வெட்டில் சரிவு திடீரென மாறும் இடம்) ஆற்றில் மேலேறும் வேகம் = கே × பரப்பின் 0.45 அடுக்கு. பரப்பு பெரிதாக இருக்கும் கீழ்ப்பகுதியில் அது வேகமாக ஓடும், தலைப்பகுதியில் ஊரும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. சரிவுக் குறியீடு (பரப்பின் விளைவை நீக்கிய சரிவு) 100, அரிப்பு 10 லட்சம் ஆண்டுக்கு 50 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கே = 0.0000005 (பரப்பு சதுர மீட்டரில், காலம் ஆண்டில்). 200 கி.மீ. நீளம், சராசரியாக 2,000 சதுர கி.மீ. பரப்பு உள்ள ஒரு முதன்மை ஆறு. 2,000 சதுர கி.மீ. என்பது 200 கோடி சதுர மீட்டர், அதன் 0.45 அடுக்கு சுமார் 15,300. 2,00,000 மீட்டரை அதால் வகுத்தால் 'கை' மதிப்பு (கிரேக்க எழுத்து χ; பரப்பால் எடையிட்ட ஆற்று நீளம்) 13 மீட்டர். 13-ஐ கே-யால் வகுத்தால் 2.6 கோடி ஆண்டு. கழிமுகத்தில் புறப்பட்ட செய்தி 200 கி.மீ. ஏற அவ்வளவு காலம்.

இனி மலையடிவாரக் கிளை: 20 கி.மீ. நீளம், சராசரிப் பரப்பு 20 சதுர கி.மீ. அதே கணக்கில் 'கை' 10.4 மீட்டர், காலம் 2.1 கோடி ஆண்டு. முதல் 200 கி.மீ.க்கு ஆன காலம் ஏறக்குறைய கடைசி 20 கி.மீ.க்கும் ஆகிறது. இந்த ஆறுகளுக்கு மேலே மேட்டுநிலத்தின் ஓரச்சுவராக நிற்கும் டிராக்கன்ஸ்பெர்க் விளிம்புக்கு எந்தச் செய்தியும் தாமதமாகவே போய்ச் சேரும் என்பதன் காரணம் இதுதான்.

இதைத் திருப்பிப் போடுவோம். பிளியோசீன் எழுச்சி 30 லட்சம் ஆண்டுக்கு முன் நடந்தது என்றால், அதன் முறிவுப்புள்ளி இன்று 'கை' = 1.5 மீட்டரில் நிற்க வேண்டும். உம்ங்கேனியின் கீழ்ப்பகுதியில் பரப்பு 4,000 சதுர கி.மீ. என்று வைத்தால், கழிமுகத்திலிருந்து சுமார் 30 கி.மீ. 50 லட்சம் ஆண்டு என்று தாராளமாகக் கொடுத்தாலும் 50 கி.மீ.யைத் தாண்டுவது கஷ்டம். ஹோவிக் வரை வந்திருக்கவே முடியாது. ஹோவிக்கைக் காட்டி பிளியோசீன் பற்றிப் பேசுபவர், கே-யைப் பல மடங்கு உயர்த்தியாக வேண்டும். அப்படி உயர்த்தினால் இன்றைய சரிவுக்கு அரிப்பு வேகமும் அதே மடங்கு உயரும், அது அளந்த எண்களோடு முட்டும்.

ஒரு எச்சரிக்கை: என் மதிப்பு 1-க்கு மேல் இருந்தால் செங்குத்தான படி வேகமாக ஏறும். செங்குத்து அருவிக்கு இந்தச் சமன்பாடே சரிவராது, அங்கே கீழ்க்குழி அரிப்பும் பாறை விரிசலும்தான் பேசும். மேலே சொன்ன எண்களை அளவின் தரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், தேதியாக எடுக்காதீர்கள்.

பழைய_மேடு:

கணக்கு சரி, ஆனால் கே-யை நீங்களே வைத்துக்கொண்டு நீங்களே தீர்ப்பும் சொல்கிறீர்கள்! பார்ட்ரிட்ஜ், மௌட் இருவரும் ஆற்றுப் படிகளை மட்டும் நம்பி எழுதவில்லை. கிழக்குக் கேப்பில் அலெக்சாண்ட்ரியா பக்கம் கிளிஞ்சல் நிறைந்த கடற்படிவு இன்று கடல்மட்டத்துக்கு மேலே 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கிடக்கிறது. லெசோத்தோவில் செங்கு ஆறு, அதாவது ஆரஞ்சின் தலைப்பகுதி, வளைந்து வளைந்து ஓடும் அதே வடிவில் பாறைக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கியிருக்கிறது. தட்டையில் வரும் வளைவு பாறைக்குள் எப்படி வந்தது? டர்பனிலிருந்து தெற்கே போகப்போகக் கடற்கரையில் குட்டிக் குட்டி ஆறுகள் இணையாக வரிசை கட்டி நிற்பதும், நிலம் கடல்பக்கம் சாய்ந்ததற்குப் பொருந்துகிறது. கிங் அதை நட்டால் மோனோக்லைன் (ஒருபக்கச் சாய்வு) என்ற பெயரிலேயே எழுதினார். குவாசுலு-நட்டாலில் மட்டும் 70-க்கும் மேற்பட்ட கழிமுகங்கள்.

இத்தனையையும் டோலரைட் தலையில் கட்ட முடியாது.

கணக்கப்பிள்ளை:

நல்ல ஆட்சேபம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடற்படிவு உயரமாக இருப்பது உண்மை. ஆனால் எந்தப் படிவு எந்தக் காலத்தது என்பதில்தான் 900 மீட்டர் வாதம் தொங்குகிறது. பழைய காலக்கணிப்பு பெரும்பாலும் மேற்பரப்புகளை ஒன்றோடொன்று உயரத்தால் பொருத்திச் செய்தது. அதே கிழக்குக் கேப்பில் சண்டேஸ் ஆற்றின் படித்திட்டுகளை அண்டக்கதிர்த் தனிமங்களை (நிலத்தின் மேல்பரப்பில் இருக்கும் கல்லில் அண்டக்கதிர் பட்டு உருவாகும் அணுக்கள்) வைத்துப் புதைவுக் காலம் கணித்து 2012-ல் வெளியிட்டார்கள். பிளியோசீன் முதல் ஆறு வெட்டிய வேகம் 10 லட்சம் ஆண்டுக்கு 20 மீட்டருக்குள்தான் வந்தது. அந்த வேகத்தில் 50 லட்சம் ஆண்டுக்கு 100 மீட்டர்தான் ஆகும். 900 எங்கே, 100 எங்கே.

செங்குவின் வளைவுகள், ஆறு நீண்ட காலமாகத் தொடர்ந்து கீழிறங்குகிறது என்பதைக் காட்டும். எப்போது தொடங்கியது என்று அவை சொல்லாது. கிரெட்டேசியஸில் (சுமார் 14.5 முதல் 6.6 கோடி ஆண்டுக்கு முன்) தொடங்கியிருந்தாலும் இதே வடிவம்தான் மிஞ்சும்.

கடலடிப் படிவுகளையும் பாருங்கள். ஆரஞ்சு ஆறு கொண்டுபோய்க் கொட்டிய அட்லாண்டிக் பக்கத்துப் படுகையில் பெருமளவு வண்டல் கிரெட்டேசியஸ் காலத்தது. அதன் பிறகு வந்த படலம் ஒப்பீட்டில் மெலிசு. பெரிய எழுச்சி நேற்று நடந்திருந்தால் வண்டல் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும்.

அதற்காகக் கண்டம் அண்மையில் அசையவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் அடியில், மேலோட்டுக்குக் கீழே ஆழக் கவசத்தில் வெப்பமான பெரும்பகுதி ஒன்று இருப்பது நிலநடுக்க அலைகளில் தெரிகிறது. கடந்த 3 கோடி ஆண்டுகளில் எழுச்சி நடந்தது என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆற்று நீள்வெட்டுகளையே தலைகீழ்க் கணக்கில் போட்டு அப்படிச் சொன்ன ஆய்வு 2010-ல் வந்தது. சண்டை எவ்வளவு, எப்போது என்பதில்தான்.

நீர்பிரிமுகடு:

உம்ங்கேனி_கரையின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வலையமைப்பு எப்படி மாறும்?

நிலம் ஒரே சீராக எழுந்தால், வரைபடத்தில் பார்க்கும் கிளையமைப்பு அநேகமாக மாறாது. ஆறுகள் இருந்த இடத்திலேயே கீழே வெட்டும், நீள்வெட்டு மட்டும் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாகும். வலையமைப்பைக் கலைப்பது ஏற்றத்தாழ்வு: ஒருபக்கம் சாய்வது, நடுவில் முதுகு போல வளைந்து எழுவது, ஒரு பக்க ஆற்றுக்கு அடிமட்டம் கிட்டத்தில் இருந்து மறுபக்க ஆற்றுக்குத் தொலைவில் இருப்பது.

வளைந்து எழுவதற்கு இந்தப் பகுதியின் பெரிய உதாரணம் லிம்போப்போ. ஒகவாங்கோ, குவாண்டோ, மேல் சாம்பேசி மூன்றும் ஒரு காலத்தில் லிம்போப்போவின் தலையாறுகளாக இருந்தன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஒகவாங்கோ-கலஹாரி-சிம்பாப்வே அச்சு என்று சொல்லப்படும் மேடு குறுக்கே எழுந்து அவற்றைத் துண்டித்தது. நிலவியலாளர் டு டாய்ட் 1933-லேயே இந்த மேடுகளைப் பற்றி எழுதிவிட்டார். துண்டிக்கப்பட்ட ஆறுகளில் மேல் சாம்பேசி கிழக்கே பிடிபட்டு இந்தியப் பெருங்கடலுக்குப் போயிற்று. ஒகவாங்கோ எங்கேயும் போக முடியாமல் உள்நாட்டு டெல்டாவாக மணலில் முடிகிறது. இத்தனைக்கும் அந்த மேடு சரிவில் ரொம்பச் சொற்பம், வண்டியில் போனால் ஏறுவதே தெரியாது. தட்டையான நாட்டில் ஆற்றைத் திருப்ப நூறு மீட்டரே அதிகம். மலைநாட்டில் ஆயிரம் மீட்டர் எழுந்தாலும் ஆறு தன் பள்ளத்தாக்கை விட்டு அசையாமல் இருக்கலாம்.

அதற்கு நேர் எதிர், மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் ஆறுகள். ஸ்வார்ட்பெர்க்கில் மெய்ரிங்ஸ்பூர்ட், செவவீக்ஸ்பூர்ட் இரண்டும் வலிய குவார்ட்சைட்டை ஊடறுக்கின்றன. வால் ஆறு 200 கோடி ஆண்டுப் பழைய ஃப்ரெட்ஃபோர்ட் விண்கல் வடுவின் வளையங்களைக் குறுக்கே வெட்டுகிறது. இவற்றைப் பார்த்ததும் "ஆறு முன்னே இருந்தது, மலை பின்னே எழுந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அந்த விளக்கம் சரிவராது. கேப் மடிப்பு மலைகள் மடிந்தது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுக்கு முன். மேலே மூடியிருந்த படலத்தில் ஓடத் தொடங்கிய ஆறு, படலம் அரிந்து போனதும் கீழிருந்த கடினப் பாறை மேல் இறங்கி, பழைய வழியிலேயே அறுத்துக்கொண்டு போகிறது.

ஸ்வார்ட்பெர்க் இன்னொரு பாடமும் சொல்கிறது. அங்கே சரிவு பயங்கரம், அரிப்போ 10 லட்சம் ஆண்டுக்கு 2 முதல் 8 மீட்டர்தான் என்று அளந்திருக்கிறார்கள். செங்குத்தாக இருக்கிறது என்பதற்காக நிலம் வேகமாக எழுகிறது என்று பொருளில்லை. கல் கெட்டி, அவ்வளவுதான்.

இப்போது டிராக்கன்ஸ்பெர்க் முகடு. கிழக்கே துகேலா 500 கி.மீ.யில் கடலை எட்டுகிறது. மேற்கே ஆரஞ்சு சுமார் 2,200 கி.மீ. சுற்றி அட்லாண்டிக் போகிறது. கடல்மட்டத்தை அடிமட்டமாக வைத்து இரண்டு பக்கத்துக்கும் 'கை' வரைபடம் போட்டால், முகட்டின் இருபக்கமும் நிறம் தீயும் தண்ணீரும் போல வேறுபடும். துகேலா வேகவேகமாக ஆரஞ்சைத் தின்கிறது என்று முடிவெழுதிவிடுவார்கள். இந்த வரைபடத்தை நம்பாதீர்கள். காரணங்கள் மூன்று.

ஆரஞ்சில் ஆக்ராபிஸ் அருவி 56 மீட்டர், கீழே பல கிலோமீட்டர் நீளப் பாறை இடுக்கு. அந்தப் படிக்கு மேலே உள்ள ஆற்றுக்குக் கடல்மட்டத்தில் நடப்பது இன்னும் போய்ச் சேரவில்லை. ஆகவே உள்நாட்டுக்கு அடிமட்டம் கடல் இல்லை, ஆக்ராபிஸ். அடுத்தது மழை. கிழக்குச் சரிவில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் இடங்கள் உண்டு, ஆரஞ்சின் கழிமுகம் பாலைவனம். பரப்புக்குப் பதில் மழையால் எடையிட்ட பரப்பைப் போட வேண்டும். மூன்றாவது கல். முகட்டில் பசால்ட், அதன்கீழ் கிளாரன்ஸ் மணற்கல், அதற்கும் கீழே ஷேல், கடற்பக்கம் கிரானைட் நைஸ். ஒரே கே-யைத் தூவி 'கை' போடுவதில் அர்த்தமில்லை.

முகடு நகர்கிறதா என்று பார்க்க முகட்டை ஒட்டிய அளவீடுகளே மேல். இரண்டு பக்கமும் ஓடை தொடங்கும் புள்ளியின் உயரம், அங்கே உள்ள சராசரிச் சரிவு, மேல்நோக்கிய உயர வேறுபாடு, இவை மூன்றையும் 500 மீட்டர் முதல் 1 கி.மீ. அகலப் பட்டைக்குள் ஒப்பிடுங்கள். திசை தெரியும். வேகம் தெரிய வேண்டுமானால் அண்டக்கதிர்த் தனிம அளவீடுதான் வழி. அது 1999-ல் நடந்தது: தெற்கு டிராக்கன்ஸ்பெர்க்கில் முகப்பு 10 லட்சம் ஆண்டுக்கு 50 முதல் 95 மீட்டர் பின்வாங்குகிறது, உச்சித்தளம் சுமார் 6 மீட்டர் தாழ்கிறது.

அந்த எண்ணைக் கிங்கின் கதையோடு பொருத்திப் பாருங்கள். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது கடற்கரையில் பிறந்த விளிம்பு 13 கோடி ஆண்டில் 150 கி.மீ. பின்வாங்கியிருந்தால், 10 லட்சம் ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அளந்ததோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 95 மீட்டர் வேகத்தில் 13 கோடி ஆண்டுக்கு 12 கி.மீ.தான் ஆகும். ஆகவே இந்த முகடு கடற்கரையிலிருந்து நடந்து வந்ததல்ல. ஆரம்பத்திலிருந்தே ஏறக்குறைய இங்கேதான் நீர் பிரிந்தது. கடற்பக்க ஆறுகள் முகட்டுக்கு முன்னால் இருந்த மேட்டுநிலத்தையே மேலிருந்து கீழாகக் கரைத்துவிட்டன, எஞ்சியது இந்தச் சுவர். அபடைட் பிளவுத்தட ஆய்வுகளும் (ஆழத்துப் பாறை எப்போது மேலே வந்து குளிர்ந்தது என்று கணிப்பவை) இதையே காட்டுகின்றன. கடற்பக்கம் கிலோமீட்டர் கணக்கில் பாறை போனது பெரும்பாலும் கிரெட்டேசியஸில்.

இடையில் ஒரு வேடிக்கை. இயற்கை வழியில் துகேலா மேட்டுநிலத் தண்ணீரைப் பிடித்துக் கீழே கொண்டுவரப் பல கோடி ஆண்டு ஆகும். நாம் அதற்குள் எதிர்த்திசையில் திருப்பிவிட்டோம். டிராக்கன்ஸ்பெர்க் நீரேற்று மின்நிலையம் (1,000 மெகாவாட்) கில்பர்ன் அணையிலிருந்து துகேலா தண்ணீரை முகட்டுக்கு மேலே தள்ளி, ஸ்டெர்க்ஃபோன்டைன் வழியாக வால் ஆற்றுக்கு அனுப்புகிறது. ஆற்றுக்கவர்வு என்றால் இதுதான், அதுவும் தப்பான பக்கத்துக்கு!

பழைய_மேடு:

அக்கா, முகடு நகரவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் நிலம் எழாமல் முகடு மட்டும் 3,000 மீட்டருக்கு மேலே நிற்பது எப்படி? உச்சிச் சிகரமான தபானா இன்ட்லென்யானா 3,482 மீட்டர். இவ்வளவு காலம் அரித்தால் தேய்ந்திருக்க வேண்டாமா?

நீர்பிரிமுகடு:

உச்சித்தளம் 10 லட்சம் ஆண்டுக்கு 6 மீட்டர் என்றால் 9 கோடி ஆண்டுக்கும் 540 மீட்டர்தான் தேய்கிறது. அதிலும் பெரும்பகுதியைப் பூமி திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

சுமை இறக்கிய தோணி மேலே வருவதுபோல, மேலோடு எடை குறைந்தால் எழும். பாறையின் அடர்த்தி 2.7, மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் 3.3. ஆயிரம் மீட்டர் பாறையை அகலமான பரப்பில் அரித்து எடுத்தால் 2.7/3.3, அதாவது சுமார் 820 மீட்டர் எழும். மேற்பரப்பு நிகரமாக இறங்குவது 180 மீட்டர் மட்டுமே. ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் அரிப்பு நடந்து முகடுகள் தப்பித்தால், முகடுகள் முன்னைவிட உயரமாகவும் ஆகலாம்.

மேலோடு விறைப்பானது, எடை போன இடத்தில் மட்டும் எழாது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சேர்த்து வளைந்து எழும். கடற்பக்கம் கிலோமீட்டர் கணக்கில் பாறை போனது, உள்நாட்டுப் பக்கம் கொஞ்சமே போனது. விளைவு, மேட்டுநிலத்தின் விளிம்பும் சேர்ந்து தூக்கப்பட்டு உள்நாட்டுப் பக்கம் சாய்கிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உயரமான இடம் கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதற்கும், ஆரஞ்சு ஆறு பக்கத்துக் கடலுக்கு முதுகைக் காட்டி 2,200 கி.மீ. நடப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். 1990-ல் கில்கிறிஸ்டும் சம்மர்ஃபீல்டும் இந்தக் கணக்கைத்தான் முன்வைத்தார்கள்.

அந்த வளைவின் மறுபக்கமாக, நீங்கள் சொன்ன கடல்பக்கச் சாய்வின் ஒரு பங்கும் இதிலேயே வந்துவிடும். அதற்குப் புதிதாக அடியிலிருந்து தள்ளும் விசை தேவைப்படாது. மிச்சம் இருக்கிறதா என்பதுதான் விவாதம், இருக்கலாம்.

உம்ங்கேனி_கரை:

நன்றி, இது போதுமான வேலை. இரண்டு விளக்கம் மட்டும். 'கை' வரைபடத்துக்குத் தொடக்கப் புள்ளியை எங்கே வைப்பது? கே-யை ஊகிக்காமல் இங்கேயே அளக்க வேண்டுமென்றால் ஆற்றுமணலை எங்கே எடுப்பது?

டோலரைட்:

தொடக்கப் புள்ளியைக் கழிமுகத்தில் வைக்காதீங்க. கடைசிப் பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, அப்போ ஆறுகள் கடற்கரையில் பாறையை ஆழமாக வெட்டின. கடல் ஏறினதும் அந்தப் பள்ளம் வண்டலால் நிரம்பிவிட்டது. டர்பன் பக்கம் கழிமுகங்களில் பாலம் போடுறவங்க பாறையைத் தேடி ஆழம் போறது இதனால்தான். தரவில் தெரிவது வண்டலின் மேல்முகம், பாறைப் படுகை அதற்குப் பல பத்து மீட்டர் கீழே. கடல் ஏற்றம் எட்டாத, படுகையில் பாறை தலைகாட்டுற முதல் இடத்தில் தொடங்குங்க. உம்ங்கேனியில் இனாண்டா நீர்த்தேக்கத்தின் மேல்முனைக்கு அப்பால் தொடங்கினா அணைத் தொல்லையும் ஒண்ணு குறையும். நீங்க தேடுற பிளியோசீன் முறிவுப்புள்ளி அந்தக் கீழ்ப்பகுதியிலேயே இருக்கலாம் என்பதால், அதற்கு மட்டும் அணையில்லாத பக்கத்து ஆறு ஒன்றையும் சேர்த்துப் போடுங்க. தெற்கே உம்சிம்குலுவின் முதன்மை ஆறு பொருத்தமானது.

எழுச்சியால் வந்த முறிவு என்றால், முதன்மை ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ஏறக்குறைய ஒரே 'கை' மதிப்பில், ஒரே உயரத்தில் வரணும். கல்லால் வந்தது என்றால் 'கை' சிதறும், ஆனால் எல்லாம் ஒரே கல்லெல்லையில் உட்காரும். பத்துக் கிளையாவது போடுங்க. மூணு நாலு கிளையில் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

மணலுக்கு வருவோம். பெரிலியம்-10 (அண்டக்கதிர்த் தனிமங்களில் ஒன்று) முறைக்குக் குவார்ட்ஸ் வேணும். டிராக்கன்ஸ்பெர்க் பசால்ட்டில் குவார்ட்ஸ் அநேகமாகக் கிடையாது, டோலரைட்டிலும் பேருக்குத்தான். 1999 ஆய்வில் குளோரின்-36-ஐப் பயன்படுத்தினதுக்குக் காரணமே அதுதான். மேல் துகேலாவில் மணல் எடுத்தால், கிடைக்கும் குவார்ட்ஸில் பெரும்பகுதி கிளாரன்ஸ் மணற்கல்லும் அதற்குக் கீழே உள்ள படிவுகளும் கொடுத்தது. வடிநிலம் முழுசுக்கும் சராசரி என்று எழுதினா அது பொய். குவார்ட்ஸ் தரும் கல் எத்தனை சதவீதப் பரப்பு என்று பார்த்து, அந்தப் பரப்பின் உயரத்துக்கும் சரிவுக்கும் மட்டும் கணக்கைத் திருத்தணும்.

அணைக்குக் கீழே எடுக்காதீங்க, மேலிருந்து மணல் வராது. மணல் அள்ளுற இடத்திலும் வேண்டாம், ஆழத்து மணல் கலந்திருக்கும். டோங்கா வெடிச்ச கிளை ஆறு சேர்றதுக்குக் கீழே எடுத்தா, ஒரே வெள்ளத்தில் ஆழத்திலிருந்து வந்த மண் பெரிலியம் அளவைக் குறைச்சு, அரிப்பு வேகத்தைக் கூட்டிக் காட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி நிறையச் சரிவு விழுந்திருக்கு, கடற்கரைச் சின்ன ஓடைகளில் இது கட்டாயம் கவனிக்கணும். ஒரே திட்டில் அள்ளாமல் ஆற்றோட்டத்தில் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மொத்தம் ரெண்டு மூணு கிலோ, 0.25 முதல் 0.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சலிச்சுக்கோங்க. பிரிச்சு அமிலத்தில் சுத்தம் பண்ணின பிறகு 20 முதல் 50 கிராம் சுத்தக் குவார்ட்ஸ் நிற்கணும். இங்கே அரிப்பு மெதுவாக இருப்பதால் பெரிலியம் செறிவு நன்றாகவே இருக்கும், ஆகவே குறைந்தபட்ச எடையே பல இடத்தில் போதும்.

முதல் மாதிரியை நேகிள் அணைக்கு மேலே, கிரானைட் நைஸில் மட்டும் ஓடுற ஒரு கிளையில் எடுங்க. ஒரே கல், குவார்ட்ஸ் தாராளம், மேலே அணை இல்லாத கிளையாக வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்துக்கோங்க. அதில் வர்ற அரிப்பு வேகத்தை அந்தக் கிளையின் சரிவுக் குறியீட்டால் வகுத்தா நைஸுக்கான கே கையில் வந்துடும். அதை வெச்சு கணக்கப்பிள்ளையோட அந்த 30 கி.மீ. எண்ணை மறுபடி போட்டு இங்கேயே பதியுங்க. பழைய_மேடு அதுக்குத்தான் காத்திருக்கார்.

பழைய_மேடு:

காத்திருக்கிறேன். நைஸின் கே மட்டும் போதாது, கீழ்ப்பகுதியில் நட்டால் குழு மணற்கல்லும் குறுக்கே வருகிறது. அதற்கும் தனியாக ஒரு மாதிரி எடுத்தால்தான் ஒப்புக்கொள்வேன்.